பதினோரு பொத்தான்கள்

ஜூன் 4

முட்டைக்கண்ணித் தங்கச்சிக்கு, அண்ணன் ஆசையோடு எழுதுவது.

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துக் குப்பையில் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் எனக்குப் பாதி உயிர் திரும்பிவிட்டது. உன் நம்பருக்கு அடித்தால் இரண்டு வருஷமாக மணியே போவதில்லை. போனில் ஆளைத் தடுப்பதற்குப் பட்டன் வைத்திருக்கிறான், தபால்காரரைத் தடுப்பதற்கு இன்னும் வைக்கவில்லை. அதனால்தான் ஆறாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டவன் பேனா பிடித்திருக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பு, பெரிய படிப்புப் படித்தவள்தானே.

உன் அண்ணி சுகம். அவள் முழங்கால் மட்டும் சுகமில்லை. மாடிப்படி ஏறும்போதெல்லாம் கட்டினவனைத் திட்டுகிறாள். படியைக் கட்டினவனையா, தன்னைக் கட்டினவனையா என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. நான் அதே பள்ளிக்கூட வேன்தான் ஓட்டுகிறேன். தொப்பைக்கும் ஸ்டியரிங்குக்கும் தினமும் இடத்தகராறு.

விஷயத்துக்கு வருகிறேன். சிரிக்காமல் படி.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பதினோரு பிள்ளைகளை ஏற்றினேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேனில் கூட வருகிற ஆயாவுக்கு அன்றைக்குக் காய்ச்சல், வரவில்லை. வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பினது தெரியும். அடுத்தது தெரிந்தது என்னவென்றால், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே வேன் நிற்கிறது, எஞ்சின் ஓடுகிறது, இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடிக்கிறது, திரும்பிப் பார்த்தால் ஒரு சீட்டிலும் பிள்ளை இல்லை. தொட்டி என் ரூட்டில் கடைசி இடம். நடுவில் இருபத்தைந்து நிமிஷ ஓட்டம், ஆறு திருப்பம், ஒரு ரயில்வே கேட். அதில் ஒரு துளி என்னிடம் இல்லை. தூங்கவில்லை தங்கச்சி. தூங்கி எழுந்தால் தூங்கின மாதிரி இருக்குமே, அது இல்லை. கத்தரிக்கோலால் வெட்டி இரண்டு முனையையும் ஒட்டின மாதிரி இருந்தது.

பிள்ளைகள் எங்கே? வீட்டில் விட்டேனா, நடுரோட்டில் இறக்கினேனா? யாரைக் கேட்பது? என் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி ஒவ்வொரு வீடாக மணி அடித்தேன். இது உங்கள் பிள்ளை பாட்டிலா பாருங்கள், வேனில் கிடந்தது என்று. பதினோரு வீடு. என் பாட்டில் ஒரு லிட்டர், பெரிய ஆள் குடிப்பது. எல்.கே.ஜி. குழந்தை வீட்டில்கூட அதைக் காட்டினேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள். கடைசி வீட்டு அம்மா சொன்னது: "என்னண்ணே, இப்பத்தானே எறக்கி விட்டுட்டுப் போனீங்க. பிள்ளைக்கு டாட்டாகூடக் காட்டலையே, கோவமா?"

எல்லாம் பத்திரமாக வீட்டில்தான் இருந்தன. கதவு சாத்தினதும் அந்த வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இது மூன்றாவது தடவை. முதல் இரண்டும் சின்னது, வேன் காலியாக இருந்தபோது. ஒவ்வொரு தடவையும் அதற்குக் கொஞ்சம் முன்னால் ரப்பர் எரிகிற வாசனை. பெல்ட் போயிருக்கும் என்று மூன்று முறை மெக்கானிக்கிடம் விட்டேன். வண்டி பத்தரை மாற்றுத் தங்கம், உன் மூக்கைத்தான் சர்வீஸ் விடணும் என்கிறான்.

நீ செய்கிற வேலை இதுதானே? மனுஷன் தலைக்குள் படம் பிடித்து, ஞாபகம் எந்த மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பது. என்னுடையது எழுந்து வெளியே போய்விட்டு வருகிறது. ஒரு நாள் திரும்பி வராமலே இருந்துவிடுமா? அதை மட்டும் சொல். உன் அண்ணிக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது.

பயமாக இருக்கிறது.

உன் அண்ணன்


ஜூன் 10

அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு வருஷத்துக்கு முன் போனில் நீங்கள் பேசியதை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. அதைப் பற்றி எழுதப் போவதும் இல்லை. இது வேறு.

முதல் வேலை, இன்றிலிருந்து வேன் ஓட்டக் கூடாது. சைக்கிளும் கூடாது. மாடியில் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிற்கக் கூடாது. நாளைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் எழுதியதைப் படித்தால் இது வலிப்பு என்றே நினைக்கிறேன். வலிப்பு என்றால் கீழே விழுந்து கை கால் வெட்டி இழுப்பது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். விழாத வலிப்பு உண்டு. மூளையின் அடியில், காதுக்கு நேர் உள்ளே, சுண்டுவிரல் அளவில் ஒரு பகுதி இருக்கிறது. நடப்பதை நாளைக்கு என்று எடுத்து வைப்பது அதுதான். வலிப்பு அங்கேயே கிளம்பினால் ஆள் நிற்பார், பேசுவார், பழகின வேலையைக்கூடச் செய்வார். ஆனால் நடந்தது எதுவும் பதியாது. இல்லாத வாசனை வருவது அதன் முன்னறிவிப்பு. எங்கள் ஆராய்ச்சியே இவர்களை வைத்துத்தான். ஸ்கேனுக்குள் படுக்கவைத்து, பழைய படங்களைக் காட்டி, நினைவு வரும்போது அந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கிறோம்.

சொந்த அண்ணனை நான் சோதிக்கக் கூடாது என்று விதி. எங்கள் பெரிய டாக்டர் பார்ப்பார். அதற்குமுன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். போனில் வேண்டாம், போனில் நீங்கள் ஒழுங்காகப் பேச மாட்டீர்கள். வாசனை வரும்போது வயிற்றில் ஏதாவது எழும்புகிறதா? உதட்டைச் சப்புகிறீர்கள் என்று யாராவது சொன்னதுண்டா? பிறகு, மூன்று நாட்களைப் பற்றி நினைவில் இருப்பதை எழுதுங்கள். நான் சைக்கிள் கற்றுக்கொண்ட நாள். இப்போது இருக்கும் வீட்டுக்கு நீங்கள் குடிபோன நாள். அம்மா போன நாள். அண்ணியிடம் கேட்காமல் எழுத வேண்டும்.

தங்கை


ஜூன் 17

தங்கச்சிக்கு,

"நீங்கள்" போட்டு எழுதியிருக்கிறாய். வாடகை வீட்டுக்காரனுக்கு நோட்டீஸ் வந்த மாதிரி இருந்தது. பரவாயில்லை, பதில் போட்டாயே.

பரீட்சைக்கு விடை எழுதுகிறேன். வயிற்றில் எழும்புவது உண்டு, ராட்டினம் மேலிருந்து இறங்கும்போது எழும்புமே அது மாதிரி. உதடு சப்புவதும் உண்டாம். என்ன, தனியா தின்னுட்டு வந்தீங்களா என்று உன் அண்ணி கேட்டிருக்கிறாள்.

நீ சைக்கிள் கற்றுக்கொண்ட நாள்: பச்சைச் சைக்கிள், செயின் கவர் இல்லை. நான் பிடித்துக்கொண்டே வருகிறேன் என்று பொய் சொல்லி விட்டுவிட்டேன். நீ திரும்பிப் பார்த்தாய், நேரே சாக்கடை. எழுந்து வந்து என் முழங்கையைக் கடித்தாய். தழும்பு இருக்கிறது. இதில் நூற்றுக்கு நூறு போடு.

இந்த வீட்டுக்கு வந்த நாள்: மூன்று வருஷம் ஆகிறதாம். பழைய வீட்டில் மூட்டை கட்டினது தெரியும். அப்புறம் இந்த வீட்டில் இருக்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லை.

அம்மா போன நாள்: தங்கச்சி, ரொம்ப நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இல்லை என்பது தெரியும். அது செய்தி மாதிரித்தான் தெரியும், பக்கத்து ஊரில் யாரோ போய்விட்டார்கள் என்று தெரியுமே அப்படி. நான்தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேனாம். என் தோளுக்கே அது தெரியாது.

எதற்காக நீ பேசாமல் போனாய் என்று உன் அண்ணி சொல்லித்தான் தெரியும். அம்மா போய் ஒன்றரை மாதத்தில் நீ கூப்பிட்டாயாம், "அம்மாகிட்ட பேசுறியா, இரு குடுக்கறேன்" என்றேனாம். சத்தியமாக எனக்கு அது ஞாபகம் இல்லை. உன் அண்ணி அழுது சண்டை போட்டாள். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்றேன். என்னைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு அது போதும், நான் எதைச் சொன்னாலும் விளையாட்டுத்தானே. சொந்தக்காரர் கல்யாணத்தை மறந்தால் நடிக்கிறான் என்பார்கள், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். பல வருஷமாக இப்படியே ஓட்டிவிட்டேன். அண்ணன் மட்டமான ஆள் என்று நீ கோபத்தோடு இருந்துகொள், அண்ணனுக்குத் தலை கழன்றுவிட்டது என்று நீ பயப்படுவதற்கு அது தேவலை என்று நினைத்தேன்.

இப்போது நல்ல செய்தி. முதுகுவலி என்று சொல்லி லீவு கேட்டேன், பள்ளிக்கூடத்தில் இன்னொரு டிரைவர் கிடைக்கவில்லை, இரண்டு வாரம் பொறு என்றார்கள். நானே ஒரு வழி கண்டுபிடித்தேன், கேட்டால் உன் பெரிய டாக்டரே அசந்துபோவார். உன் அண்ணியின் டப்பாவிலிருந்து பதினோரு பெரிய பொத்தான் எடுத்தேன். ஏறும்போது ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். இறங்கும்போது என் சட்டைப் பையில் போட்டுவிட்டு இறங்க வேண்டும். கடைசியில் எண்ணுவேன். பதினொன்று இருந்தால் எல்லாரும் இறங்கியாயிற்று. எனக்கு ஞாபகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பொத்தான் சொல்லிவிடும். பிள்ளைகளுக்கும் நல்ல விளையாட்டு. நேற்றுவரை கணக்கு சரியாக இருக்கிறது. வியாழக்கிழமை மட்டும் எப்போது எண்ணினேன் என்று தெரியவில்லை, ஆனால் பையில் பதினொன்றும் இருந்தது.

உன் அண்ணன்


ஜூன் 22

அண்ணா,

இதை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

வியாழக்கிழமை பொத்தான் பதினொன்றும் உன் பையில் இருந்தது. ஸ்டியரிங்கில் யார் இருந்தது? ரயில்வே கேட்டில் யார் பிரேக் போட்டது? நீ பிள்ளைகள் இறங்கினார்களா என்பதற்குக் கணக்கு வைத்திருக்கிறாய். பழகின வழி என்பதால் உன் கையும் காலும் இதுவரை வேனை ஓட்டிவிட்டன. குறுக்கே ஒரு நாய் வந்திருந்தால் அவற்றுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்காது. உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, உனக்கு ஞாபகம்தான் பிரச்சினை என்று நான்தான் எழுதினேன். அந்த நேரத்தில் நீயே அங்கே இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

அதனால் இன்று காலை அண்ணியிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு உன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்பே சாவி உன் கையை விட்டுப் போயிருக்கும். உன்னைக் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று அரை மணி நேரம் யோசித்தேன். நீ எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்து இன்னும் இரண்டு நாள் வாங்கிவிடுவாய் என்று தெரியும். பதினோரு குழந்தைகள், அண்ணா.

இன்னொன்று. என்னிடம் வருகிற ஒவ்வொருவரின் வீட்டாரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இவர் மறந்துபோனதை நீங்கள் வேஷம் என்று நினைத்ததுண்டா? ஐந்து வருஷமாகக் கேட்கிறேன். உண்டு என்று சொல்லும்போது பெண்கள் அழுவார்கள், நான் தண்ணீர் எடுத்துக் கொடுப்பேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்குக் கொடூரமான அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பேன்.

மன்னித்துக்கொள். ஸ்கேனுக்கு வா.

தங்கச்சி


ஜூலை 2

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

சாவி போய்விட்டது. சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரம். தலைமையாசிரியர் வேன் பக்கத்தில் வந்து கையை நீட்டினார். சாவியைக் கழற்றி அதில் வைத்தேன். எல்.கே.ஜி. வாண்டு மட்டும் பொத்தானுக்குக் கையை நீட்டியது. பெற்றவர்களுக்கு மறுநாளே செய்தி போய்விட்டது. என்னை அண்ணே என்று கூப்பிட்ட அம்மா, கடைத்தெருவில் என்னைப் பார்த்ததும் பிள்ளையைப் பிடித்து அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டது. செய்தது சரி. நானாக இருந்தாலும் இழுத்துக்கொள்வேன்.

உன் அண்ணி குளியலறைக் கதவைத் தாழ்ப்பாள் போட விடுவதில்லை. வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் கொடுக்கிறாள். முதல் நாள் ஒன்றே ஒன்று சொன்னாள். "இத்தனை வருஷமா நீங்க கிண்டல் பண்றீங்கன்னு நெனச்சு, நான் சிரிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

உனக்கு மட்டும் என்று எழுதினேன். எனக்கு ஸ்கேனும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து நான் என்ன செய்யப் போகிறேன்? இனி எழுத வேண்டாம்.

வேன் இல்லாத டிரைவர்


ஜூலை 9

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன்.

ஜூலை 20, காலை ஒன்பது மணி. அண்ணியிடம் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் என்ன ஆகும் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த நேரம் மட்டும் போகவில்லை. அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து வைத்ததும் உதிர்கிறது. வீடு மாறின நாளும் அம்மா போன நாளும் அப்படித்தான் போயிருக்க வேண்டும். மாத்திரையால் இதைப் பெரும்பாலும் நிறுத்திவிடலாம். ஆனால் எங்கிருந்து கிளம்புகிறது, அங்கே தழும்பு இருக்கிறதா, கட்டி ஏதாவதா என்று பார்க்காமல் நிம்மதியாக இருக்க முடியாது. இந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. அடுத்தவர் தலைக்குள் பார்த்துச் சொல்வது சுலபம்.

நீ தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று இருக்கிறது. அம்மாவின் கடைசி நாள் மத்தியானம் நான் வெளியே வராந்தாவில் டாக்டருக்குப் போன் செய்துகொண்டிருந்தேன். உள்ளே நீயும் அம்மாவும் மட்டும். மூன்று நாளாகக் கண் திறக்காத அம்மா, கதவுக்கு அந்தப் பக்கம் சிரித்தாள். இருமல் இல்லை, சிரிப்பு. நீ ஏதோ சொல்கிறாய், அம்மா ஏதோ திருப்பிச் சொல்கிறாள், மறுபடி சிரிப்பு. நான் போனை வைத்துவிட்டு உள்ளே வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்றைக்கு உன்னிடம் கேட்க வாய் வரவில்லை. ஒன்றரை மாதம் கழித்து, கேட்டுவிடலாம் என்றுதான் போன் செய்தேன். நான் கேட்பதற்குள் நீ, இரு அம்மாகிட்ட குடுக்கறேன் என்று சொல்லி, அறைக்குள் போய் அம்மாவைக் கூப்பிட்டாய். இரண்டு தடவை கூப்பிட்டது என் காதில் விழுந்தது.

அந்த நாள் உன்னிடம் மட்டும்தான் இருந்தது. அதனால்தான் அத்தனை கோபம்.

வா, அண்ணா.

தங்கச்சி


ஜூலை 24

முட்டைக்கண்ணிக்கு,

ஊர் வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் உன் அண்ணி என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள், ஏதோ நான் பலூன் மாதிரி.

ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். நரைத்துவிட்டாய். கிண்டல் செய்ய நல்ல விஷயம்தான், ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் உன் கண் இருந்த இருப்பில் வாய் எழவில்லை. அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தலையெல்லாம் பசை தடவி ஒயர் ஒட்டினார்கள். பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்ட மாதிரி ஆனேன். அடுத்து அந்தக் குழாய். உள்ளே போனால் பக்கத்தில் பத்துப் பேர் தகரம் அடிக்கிற சத்தம். தலையைக் கூண்டு மாதிரி ஒன்றில் பூட்டிவிட்டார்கள். கையில் ஒரு ரப்பர் உருண்டை கொடுத்து, பயமாக இருந்தால் அமுக்குங்கள், ஓடி வருவோம் என்றார் மெஷின் பார்க்கிறவர். டிரைவர் கையில் ஹாரன் மாதிரி ஒன்றைக் கொடுத்தால் சும்மா இருப்பானா? உள்ளே போன உடனே அமுக்கினேன். மூன்று பேர் ஓடி வந்தார்கள். சைடு கேட்டேன் என்றேன். அவருக்குக் கோபம், ஆனாலும் சிரித்துவிட்டார்.

அப்புறம் கண்ணுக்கு மேலே படம் ஓடியது. உன் அண்ணி கொடுத்த போட்டோக்கள். ஞாபகம் இருந்தால் ஒரு பட்டன், இல்லாவிட்டால் இன்னொரு பட்டன். பச்சைச் சைக்கிள் வந்தது, அமுக்கினேன். உன் பட்டமளிப்பு, அமுக்கினேன். அப்புறம் இந்த வீட்டு வாசல். அம்மா நாற்காலியில். பக்கத்தில் நான், துடைப்பத்தை வாள் மாதிரி தூக்கிப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். தங்கச்சி, அந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. என் மூஞ்சி, என் சட்டை, உள்ளே வேறு எவனோ. அம்மா அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அப்போது பிடித்தது பயம். மூச்சு வரவில்லை. தலை பூட்டியிருக்கிறது, கண்ணீர் நேரே காதுக்குள் போகிறது, துடைக்க முடியவில்லை. ரப்பரை அமுக்கினேன். யாரும் வரவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கினேன். ஒலிபெருக்கியில் அவர் குரல் வருகிறது, "என்னண்ணே, மறுபடி சைடு கேக்குறீங்களா?"

அரை நிமிஷம்தான் இருக்கும். அந்த அரை நிமிஷத்தில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் மேல் தப்பில்லை. உன் அண்ணி மேலும் இல்லை, உன் மேலும் இல்லை. என் கூச்சலை யாரும் நம்பாதபடி வருஷக்கணக்காக ஊரைப் பழக்கி வைத்தவன் நான்தான்.

வெளியே இழுத்தபோது நீ ஓடி வந்து என் காதைத் துடைத்தாய். விதிப்படி நீ அந்த அறைக்குள் வரக் கூடாதாமே, பெரிய டாக்டர் முறைத்தார். உள்ளே அசைந்து கடைசிப் படத்தைக் கெடுத்துவிட்டேன், நோய் பார்க்கிற படம் முதலிலேயே எடுத்தாயிற்று என்றும் சொன்னார். உன் ஆராய்ச்சியில் ஒரு ஆளைக் கழித்துக்கொள்.

முடிவு வந்ததும் எழுது. உன் அண்ணிக்குத் தனியாக ஒன்றும் எனக்குத் தனியாக ஒன்றும் எழுதாதே. ஒரே கடிதம்.

அண்ணன்


ஆகஸ்ட் 3

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

கட்டி இல்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

இடது பக்கம், நான் சொன்ன அந்தச் சுண்டுவிரல் அளவு இடத்தில், சின்னதாக ஒரு தழும்பு. ஒயர் ஒட்டிப் பதிவு செய்ததிலும் அங்கிருந்துதான் பொறி கிளம்புவது தெரிகிறது. மாத்திரை காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. மூன்று மாதம் பார்க்கலாம். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்கிறார் டாக்டர். வேன் பற்றி அவர் வாயால் ஒரு வார்த்தை வரும்வரை பேச்சே இல்லை.

போன நாட்கள் திரும்பி வருமா என்று அண்ணி கேட்டிருந்தீர்கள். இந்த மாத்திரை இனி உதிர்வதைத்தான் நிறுத்தும். நாங்கள் பார்த்தவர்களில் போனது வந்த ஒருவர்கூட இல்லை. இதை என் வாயால் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் வரவில்லை. அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். அண்ணா, மாத்திரை ஆரம்பித்த பிறகு எப்போதாவது, பல் தேய்க்கும்போதோ சாப்பிடும்போதோ, அந்த மத்தியானத்தில் ஒரு துண்டு வந்தால்கூட உடனே எழுது. அம்மா என்ன சொன்னாள், நீ என்ன சொன்னாய். ஒரு வார்த்தை போதும்.

தங்கச்சி


அக்டோபர் 29

தங்கச்சிக்கு,

மூன்று மாதம் ஆகப் போகிறது. வாசனை ஒரு தடவைகூட வரவில்லை. காலையில் எழுந்ததும் உன் அண்ணி இன்றைக்கு என்ன கிழமை, நேற்று என்ன குழம்பு என்று கேட்கிறாள். பதில் சொன்னால்தான் காப்பி. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க நாக்கு துடிக்கிறது. சொல்வதில்லை. மற்ற எல்லாவற்றிலும் கிண்டல் செய்கிறேன், அவள் முழங்காலைக்கூட விடுவதில்லை. மறந்த மாதிரி மட்டும் நடிப்பதில்லை. நாள் முழுக்க எது நடந்தாலும், இது நாளைக்கு இருக்குமா என்று ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பயம் மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் கடிதம் வந்து மூன்று மாதமாகப் பதில் போடாததற்கு அதுதான் காரணம்.

தேடாத இடமில்லை. அம்மா படுத்திருந்த அறையில் மத்தியான வேளைகளில் போய் உட்கார்ந்தேன். வராந்தாவில் உன் அண்ணியை நிற்கவைத்துப் போன் பேசச் சொன்னேன், உள்ளே நான். ஒன்றும் வரவில்லை. சுவர்தான் இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு யோசனை வந்தது. அம்மா எதற்குச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியாதா? நாற்பது வருஷம் சிரிக்கவைத்தவன். உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். உன் டாக்டர் கோட்டைப் பற்றி நான் ஒன்று சொல்வது போலவும், அதற்கு அம்மா உன்னை விட்டுக்கொடுக்காமல் ஒன்று சொல்வது போலவும். அப்படியே அம்மா குரல். படித்துப் பார்த்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை. கவரில் போட்டு, ஒட்டி, உன் விலாசம் எழுதி, தபால் பெட்டிவரைக்கும் போனேன். உன் அண்ணி பின்னாலேயே வந்தாள். ஞாபகம் வந்துடுச்சா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நீயும் நம்பியிருப்பாய். கொஞ்ச நாளில் நானே நம்பியிருப்பேன், அதுதான் பயங்கரம்.

"வரல" என்றேன். அங்கேயே கிழித்துவிட்டேன்.

எனக்குத் தெரியாது, தங்கச்சி. அம்மா என்ன சொன்னாள், நான் என்ன சொன்னேன், இரண்டும் தெரியாது. இதை எழுதத்தான் மூன்று மாதம் ஆனது.

நீ கதவுக்கு வெளியே நின்று கேட்டதாக எழுதியிருந்தாயே, அதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. முதலில் நான் பேசினேனா, அம்மா சிரித்தாளா? இரண்டாவது தடவை எவ்வளவு நேரம் சிரித்தாள்? நான் சிரித்தேனா? நீ கேட்ட அளவுக்காவது எனக்கு எழுது. அவசரம் இல்லை, ஆனால் உனக்கும் வயதாகிறது.

உன் அண்ணன்